ஒரே குளம், வேறு வேறு வம்சம்

நான்கு ஆமைகளை எடுத்துக்கொள்வோம். முதலாவது, நம் ஏரி, கண்மாய், ஊருணிகளில் வாழும் கறுப்புக் குளத்தாமை. கெட்டியான கருநிற ஓடு. முதுகில் நீளவாக்கில் மூன்று வரம்புகள் ஓடும். இரண்டாவது, அதே குளத்துச் சேற்றில் புதைந்து கிடக்கும் பாலாமை. அதன் ஓட்டின் மேல் தட்டுகளே இல்லை, வழவழப்பான தோல்தான் போர்த்தியிருக்கும். மூன்றாவது, குளத்துப் பக்கமே போகாமல் முட்புதர்க் காட்டில் புல் மேயும் நட்சத்திர ஆமை. நான்காவது, வளர்ப்புப் பிராணிக் கடையில் கண்ணாடித் தொட்டிக்குள் நீந்தும் சிவப்புக்காது ஆமைக் குஞ்சு. பச்சை ஓடு, கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை என்று பார்க்க அழகாக இருக்கும்.

கறுப்புக் குளத்தாமைக்கு மற்ற மூன்றில் நெருங்கிய சொந்தம் எது?

ஒரே குளத்தில் இருப்பதால் பாலாமை என்று சிலர் சொல்வார்கள். உருவத்தைப் பார்ப்பவர்கள் சிவப்புக்காது ஆமையைக் காட்டுவார்கள். தட்டையான கெட்டி ஓடு, விரல்களுக்கு நடுவே சவ்வு, நீந்தும் வாகு, வெயில் காய மேலே ஏறி உட்காரும் பழக்கம் என்று இரண்டுக்கும் அவ்வளவு பொருத்தம். ஆனால் விடை நட்சத்திர ஆமை. தண்ணீரில் இறங்காத, யானைக்கால் போன்ற தூண் கால்களும் மேடான ஓடும் கொண்ட அந்தக் காட்டு ஆமைதான் குளத்தாமையின் பங்காளி. இந்த விடைக்கு வந்து சேர உயிரியலாளர்களுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அவர்கள் தடுமாறிய இடங்களில்தான் எனக்கு ஆமைகளைப் பற்றிய பெரிய வியப்பே இருக்கிறது.

முதலில் ஓட்டைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். கறுப்புக் குளத்தாமையின் மேலோட்டில் நடுவரிசையில் 5 தட்டுகள். அதன் இருபுறமும் நான்கு நான்காக 8. விளிம்பைச் சுற்றி 24. கழுத்துக்கு மேலே சின்னதாக ஒன்று. ஆக 38. அடியோட்டில் இணை இணையாக 12. இதே கணக்கு நட்சத்திர ஆமையிலும் சிவப்புக்காது ஆமையிலும் பெரும்பாலும் அப்படியே வரும். கழுத்துத் தட்டு நட்சத்திர ஆமைக்கு இருக்காது. நம் நகம் எந்தப் பொருளால் ஆனதோ அதே கெரட்டினால் ஆனவை இந்தத் தட்டுகள். இவற்றுக்குக் கீழே எலும்பு இருக்கிறது. முதுகெலும்பும் விலா எலும்புகளும் அகன்று பரந்து, ஒன்றோடொன்று கோத்து, ஒரே பலகையாகிவிட்ட எலும்பு. தட்டுகள் சேரும் கோடுகளும் அடியில் எலும்புகள் சேரும் கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக வருவதில்லை. செங்கல் அடுக்கும் கொத்தனார் ஒரு வரிசையின் இணைப்பு அடுத்த வரிசையின் இணைப்புக்கு நேராக வராமல் பார்த்துக்கொள்வாரே, அப்படித்தான். ஓடு எளிதில் பிளக்காமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு விசித்திரம் உள்ளே இருக்கிறது. நமக்கும், நாய்க்கும், பல்லிக்கும், பறவைக்கும் தோள்பட்டை எலும்பு விலாக்கூட்டுக்கு வெளியே இருக்கும். ஆமைக்கு மட்டும் உள்ளே இருக்கிறது. கருவில் விலா எலும்புகள் வயிற்றுப் பக்கம் வளையாமல் பக்கவாட்டில் விரிவதால் தோள்பட்டை அவற்றுக்கு அடியில் அகப்பட்டுக்கொள்கிறது. இது எப்படித் தொடங்கியிருக்கும் என்பதற்கு ஒரு சாட்சி சீனாவின் குய்சோ மாகாணத்தில் கிடைத்தது. 2008-ல் அறிவிக்கப்பட்ட ஒடோன்டோகெலிஸ் என்ற புதைபடிவம், சுமார் 22 கோடி ஆண்டுப் பழமை உடையது. அதற்கு அடியோடு முழுதாக இருந்தது. மேலோடு இன்னும் முழுமையாக உருவாகவில்லை. வாயில் பற்களும் இருந்தன. இன்றைக்கு உயிரோடு இருக்கும் ஆமைகளில் ஒன்றுக்கும் பல் கிடையாது.

இப்படி ஓடு ஒருமுறை அமைந்த பிறகு, அதன் அடிப்படைக் கட்டுமானம் அவ்வளவாக மாறவில்லை. வகைப்படுத்த வந்தவர்களுக்குச் சிக்கலே அங்கேதான் தொடங்கியது. ஆமை என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். எந்த ஆமை, யாருடைய உறவு என்பதுதான் தெரியாது.

1758-ல் லின்னேயஸ் தமக்குத் தெரிந்த ஆமைகளை எல்லாம், கடலாமை உட்பட, டெஸ்டூடோ என்ற ஒரே பேரினத்தில் போட்டார். பிறகு வந்தவர்கள் அதைப் பிரிக்கத் தொடங்கினார்கள். கழுத்தை வைத்துச் செய்த பிரிவு இன்றைக்கும் நிலைத்திருக்கிறது. கழுத்தை மேலும் கீழுமாக வளைத்துத் தலையை நேராக உள்ளே இழுப்பவை ஒரு பிரிவு. கழுத்தைப் பக்கவாட்டில் மடித்து ஓட்டின் ஓரத்தில் செருகிக்கொள்பவை மற்றொரு பிரிவு. பக்கவாட்டில் மடிக்கும் ஆமைகள் இன்று தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியப் பகுதிகளில் இருக்கின்றன. இந்தியாவில் புதைபடிவங்களாக மட்டுமே கிடைக்கின்றன. நம் நான்கு ஆமைகளும் நேராக இழுப்பவை.

அந்தப் பிரிவுக்குள் பாலாமையின் வழி மிகப் பழங்காலத்திலேயே, டைனோசர்கள் நடமாடிய காலத்திலேயே, தனியாகப் பிரிந்துவிட்டது. அது மென்னோட்டு ஆமைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அடியோட்டின் பின்பக்கத்தில் அதற்கு இரண்டு மடல்கள் உண்டு. பின்கால்களை உள்ளே இழுத்ததும் மடல்கள் மூடிக்கொள்ளும். இப்படி மடல் உள்ள மென்னோட்டு ஆமைகளின் துணைக்குடும்பத்தில் மூன்று பேரினங்கள்தான் எஞ்சியிருக்கின்றன. ஒன்று இந்தியத் துணைக்கண்டத்திலும் மியான்மர்ப் பக்கத்திலும் வாழும் பாலாமையின் பேரினம். மற்ற இரண்டும் சகாராவுக்குத் தெற்கே, ஆப்பிரிக்க ஆறுகளில் இருக்கின்றன. ஊருணிச் சேற்றில் கிடக்கும் பாலாமைக்குப் பக்கத்தில் கிடக்கும் கறுப்பாமையைவிட ஆப்பிரிக்க ஆற்று ஆமை நெருங்கிய உறவு.

இனி குளத்தாமைகளின் பெரிய குழப்பத்துக்கு வருவோம். கெட்டி ஓடும், நீந்தும் காலும் கொண்ட நன்னீர் ஆமைகள் ஆசியாவிலும் இருக்கின்றன, அமெரிக்காவிலும் இருக்கின்றன. எல்லாம் ஒரே மாதிரி இருந்ததால் நெடுங்காலம் எல்லாவற்றையும் ஒரே குழுவாக வைத்திருந்தார்கள். கிளெம்மிஸ் என்ற ஒரே பேரினப் பெயரில் அமெரிக்க ஆமையும் ஆசிய ஆமையும் ஐரோப்பிய ஆமையும் கலந்து கிடந்தன. இனம் புரியாதவற்றைப் போட்டுவைக்கும் கூடையாகவே அந்தப் பெயர் பயன்பட்டது.

1964-ல் சாமுவேல் மெக்டவல் என்ற அமெரிக்க விலங்கியலாளர் இந்தக் கூடையைக் கொட்டிப் பார்த்தார். லண்டன் விலங்கியல் சங்கத்தின் இதழில் வந்த அவருடைய கட்டுரை ஓட்டின் நிறத்திலும் வடிவத்திலும் நிற்கவில்லை. மண்டையோட்டையும் கீழ்த்தாடை எலும்புகளின் பொருத்தத்தையும் அவர் ஒப்பிட்டார். வாழ்க்கைமுறைக்கு ஏற்ப ஓடு மாறலாம். ஓடும் நீரில் தட்டையாகும், நிலத்தில் மேடாகும். வெளியே தெரியாத இந்தச் சின்ன எலும்புப் பொருத்தங்கள் அவ்வளவு சுலபமாக மாறுவதில்லை. அப்படிப் பார்த்தபோது குளத்தாமைகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்தன. ஏறக்குறைய அமெரிக்க ஆமைகள் எல்லாம் ஒரு பக்கம், ஆசிய ஆமைகள் எல்லாம் மறுபக்கம்.

இதில் "ஏறக்குறைய" என்ற சொல்லுக்குள் ஓர் அழகான கதை இருக்கிறது. அமெரிக்கக் கூட்டத்தில் ஒரே ஒரு பேரினம் ஐரோப்பாவிலும் அதை ஒட்டிய மேற்கு ஆசியா, வட ஆப்பிரிக்கப் பகுதிகளிலும் வாழ்கிறது. மஞ்சள் புள்ளிகள் தெளித்த கருநிற ஓடு கொண்ட ஐரோப்பியக் குளத்தாமைதான் அது. ஆசியக் கூட்டத்திலும் அதேபோல ஒரே ஒரு பேரினம், ரைனோகிளெம்மிஸ், மெக்சிகோ தொடங்கித் தென் அமெரிக்காவின் வடபகுதி வரை வாழ்கிறது. ஆசியாவும் வட அமெரிக்காவும் பெரிங் பகுதியில் நிலத்தால் இணைந்திருந்த காலங்களில் ஒன்று இந்தப் பக்கமும் மற்றொன்று அந்தப் பக்கமும் கடந்திருக்கின்றன. உருவத்தை மட்டும் நம்பியிருந்தால் இந்த இரண்டு இடப்பெயர்ச்சிகளும் நமக்குத் தெரிந்தே இருக்காது.

மெக்டவல் பிரித்ததோடு நின்றார். பிரிந்த ஆசியக் கூட்டம் யாருக்கு நெருக்கம் என்ற கேள்வி மிச்சமிருந்தது. 1985-ல் ஜப்பானின் ரென் ஹிராயாமாவும், 1988-ல் அமெரிக்கர்களான யூஜின் காஃப்னி, பீட்டர் மெய்லன் இருவரும் எலும்புகளை மறுபடி ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஆசியக் குளத்தாமைகள் அமெரிக்கக் குளத்தாமைகளைவிட நில ஆமைகளுக்கே நெருக்கம். பிறகு வந்த டிஎன்ஏ ஆய்வுகளும் அதையே சொல்லின. இன்று ஆசியக் குளத்தாமைகள் ஜியோஎமிடிடே என்ற தனிக் குடும்பம். 1868-ல் வில்லியம் தியோபால்டு அடிப்படை போட்ட பெயர் அது. பெயரிடும் விதிகளின்படி முந்தியது என்பதால் அதுவே நிலைத்தது. சுமார் 70 இனங்களோடு இன்றுள்ள ஆமைக் குடும்பங்களில் மிகப் பெரியது அதுதான். கறுப்புக் குளத்தாமை அதில் ஒன்று. நில ஆமைகளின் குடும்பம் அதற்கு உடன்பிறந்த குடும்பம். 5 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய நில ஆமைப் புதைபடிவங்கள் கிடைத்திருப்பதால் இந்த இரண்டு குடும்பங்களும் பாகம் பிரிந்தது அதற்கும் முன்னால்தான் இருக்க வேண்டும். சிவப்புக்காது ஆமை எமிடிடே என்ற அமெரிக்கக் குடும்பம்.

அப்படியானால் நம் குளத்தாமையும் சிவப்புக்காது ஆமையும் ஏன் இவ்வளவு ஒத்திருக்கின்றன? குளம் ஒரே மாதிரியான வேலையைக் கொடுக்கிறது. நீந்த வேண்டும், சேற்றில் நடக்க வேண்டும், வெயிலில் உடம்பைச் சூடேற்ற வேண்டும், ஆபத்து என்றால் சட்டென்று நீருக்குள் விழ வேண்டும். இந்த வேலைகளுக்கு ஏற்ற உடம்பு இரண்டு கண்டங்களிலும் தனித்தனியே அமைந்திருக்கிறது. இதற்கு இன்னும் வியப்பான சான்று பெட்டி ஆமைகள். அடியோட்டின் குறுக்கே ஒரு கீல் இருப்பதால், தலையையும் கால்களையும் உள்ளிழுத்த பிறகு ஓட்டை இறுக மூடிக்கொள்ளும் ஆமைகள் இவை. தென்கிழக்கு ஆசியாவில் ஒரு வகை இருக்கிறது, வட அமெரிக்காவில் ஒரு வகை இருக்கிறது. ஒன்று ஜியோஎமிடிடே, மற்றொன்று எமிடிடே. கீல் போன்ற நுட்பமான அமைப்புகூடத் தனித்தனியே இருமுறை தோன்றியிருக்கிறது.

டிஎன்ஏ வந்ததும் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அது சில பழைய முடிவுகளைத் தலைகீழாக்கியது. தெற்குச் சீனா, தென்கிழக்கு ஆசிய மலை ஓடைகளில் வாழும் பெருந்தலை ஆமை, ஓட்டுக்குள் இழுக்க முடியாத அளவுக்குத் தலை பெரிய ஆமை. அதை அமெரிக்காவின் கடிக்கும் ஆமைகளோடு சேர்த்து வந்தார்கள். டிஎன்ஏ அதை எமிடிடே குடும்பத்தின் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தது. ஆனால் டிஎன்ஏ-யைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கும் ஒரு பெரிய சோதனை சீனச் சந்தையிலிருந்து வந்தது.

1980-களிலும் 90-களிலும் ஹாங்காங் ஆமை வணிகர்கள் வழியாக, அதுவரை யாரும் பார்த்திராத குளத்தாமைகள் மேல்நாட்டு ஆய்வாளர்களின் கைக்கு வந்தன. புதிய இனங்கள் அடுத்தடுத்து அறிவிக்கப்பட்டன. 1991-ல் அறிவிக்கப்பட்ட மாரெமிஸ் ஐவர்சோனி அவற்றில் ஒன்று. ஃபூஜியான் மாகாணத்து ஆமை என்று சொல்லப்பட்டது. இயற்கையில் அது கண்ணில் படவே இல்லை. மிக அரிய ஆமை, அழிவின் விளிம்பில் இருக்கும் போலும் என்ற கவலை எழுந்தது.

2001-ல் ஜேம்ஸ் பார்ஹாமும் சக ஆய்வாளர்களும் அதைச் சோதித்தார்கள். செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள டிஎன்ஏ தாயிடமிருந்து மட்டும் வருவது. அதைப் பார்த்தால் தாய் யாரென்று தெரியும், தகப்பன் யாரென்று தெரியாது. ஆகவே இருவரிடமிருந்தும் வரும் புரத வகைகளையும் சேர்த்துப் பார்த்தார்கள். உண்மை வெளிவந்தது. அது ஓர் இனமே இல்லை. ஆசிய மஞ்சள் குளத்தாமையும், சீனாவில் பொற்காசு ஆமை என்று போற்றப்படும் விலை மிகுந்த பெட்டி ஆமையும் கூடிப் பிறந்த கலப்பு. அதே ஆண்டில் ஹைனான் தீவின் ஆமைப் பண்ணை ஒன்றில் அந்த உருவத்தில் ஆமைகள் இருந்ததும் பதிவாயிற்று. பண்ணையில் பிறந்த கலப்புக் குட்டிக்கு அறிவியல் ஒரு தனிப் பெயரும் ஊரும் கொடுத்துவிட்டிருந்தது.

இதை அறிவியலின் தோல்வி என்று நான் எண்ணவில்லை. தவறான பெயரைத் தானே சோதித்து, தானே நீக்கிக்கொண்டது அது. ஆனால் இந்தக் கதையில் இரண்டு செய்திகள் மனதைப் பிடித்துக்கொள்கின்றன. கூடிய இரண்டும் வெவ்வேறு பேரினங்களைச் சேர்ந்தவை. அவ்வளவு தூரம் விலகிய பிறகும் குட்டி பிறக்கிறது என்றால், நாம் போடும் பேரினக் கோடுகளை ஆமைகள் அப்படியே மதிப்பதில்லை. இரண்டாவது செய்தி வேதனையானது. அதே சந்தையில் அதே காலத்தில் கிடைத்து, 1990-ல் பெயர் பெற்ற குவோரா ஜோவி என்ற பெட்டி ஆமையும் இயற்கையில் ஆய்வாளர் கண்ணில் பட்டதில்லை. ஆனால் அது கலப்பு அல்ல, உண்மையான இனம் என்று டிஎன்ஏ உறுதி செய்தது. காகிதத்தில் இரண்டின் கதையும் ஒன்றுபோல இருந்தது. ஒன்றுக்காகக் கவலைப்பட வேண்டியதே இல்லை. மற்றொன்றுக்காக எவ்வளவு கவலைப்பட்டாலும் போதாது. சரியான பெயர் தெரியாமல் எதைக் காப்பாற்றுவது?

நம் பக்கத்துக் காடுகளிலும் இப்படி ஓர் ஆமை பெயருக்காகக் காத்திருந்தது. 1911-ல் அன்றைய கொச்சி சமஸ்தானத்தின் காவலைக் காட்டுப் பகுதியில் இரண்டு சிறிய ஆமைகள் கிடைத்தன. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த ஜே. ஆர். ஹெண்டர்சன் 1912-ல் அவற்றைப் புதிய இனமாக அறிவித்தார். பிரம்பு ஆமை என்கிறோம். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவு. முதுகில் மூன்று வரம்பு. ஜியோஎமிடிடே குடும்பத்தைச் சேர்ந்ததாக இருந்தும் அது குளத்தைத் தேடிப் போவதில்லை. பசுமைமாறாக் காட்டின் தரையில், உதிர்ந்த இலைகளுக்கு அடியில் வாழ்கிறது. அறிவித்ததோடு சரி, அதன் பிறகு எழுபது ஆண்டுகள் ஆய்வாளர் யாரும் அதைக் காணவில்லை.

1982-ல் அதை மீண்டும் கண்டெடுத்தவர் ஜே. விஜயா. சென்னைப் பாம்புப் பண்ணையில் ரோமுலஸ் விட்டேக்கரோடு பணியாற்றிய இளம்பெண்; இந்தியாவின் முதல் பெண் ஊர்வன ஆய்வாளர் என்று அறியப்படுபவர். காடர் பழங்குடி மக்களின் துணையோடு கேரளக் காட்டில் தங்கி, அந்த ஆமை எங்கே ஒளிகிறது, என்ன தின்கிறது என்று குறிப்பெடுத்தார். 1987-ல், முப்பது வயதுகூட ஆகாமல் மறைந்தார்.

பிரம்பு ஆமையின் பேரினம் எது என்பது அப்போதும் தீரவில்லை. முதலில் ஜியோஎமிடா என்றார்கள். அந்தப் பேரினத்தின் மற்ற ஆமைகள் வியட்நாமிலும் சீனாவிலும் ஒகினாவாவிலும் இருக்கின்றன. பிறகு தென்கிழக்கு ஆசிய ஹியோசெமிஸ் பேரினத்துக்கு மாற்றினார்கள். அதுவும் காட்டுத் தரை ஆமை, இதுவும் காட்டுத் தரை ஆமை என்ற ஒற்றுமை கண்ணை மறைத்தது. 2006-ல் பீட்டர் பிராஷாக் குழுவினர் டிஎன்ஏ-வை ஒப்பிட்டபோது இரண்டு பேரினத்தோடும் அது சேரவில்லை. அது தனி. அந்தத் தனிப் பேரினத்துக்கு அவர்கள் சூட்டிய பெயர் விஜயாகெலிஸ். மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு பேரினம், சென்னையிலிருந்து அந்தக் காட்டுக்குப் போன ஒரு பெண்ணின் பெயரைத் தாங்கி நிற்கிறது. வகைப்பாட்டு நூல்களில் இதைவிடப் பொருத்தமான பெயரை நான் பார்த்ததில்லை.

மறுபடி நம் நான்காவது ஆமையிடம் வருகிறேன். சிவப்புக்காது ஆமையின் சொந்த ஊர் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகை. 1975-ல், சால்மொனெல்லா நோய்க்கிருமி குழந்தைகளுக்குத் தொற்றுகிறது என்று, 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை உள்நாட்டில் விற்க அமெரிக்கா தடை போட்டது. ஏற்றுமதிக்குத் தடை இல்லை. 1989 முதல் 1997 வரை மட்டும் ஐந்து கோடிக்கும் மேற்பட்ட குஞ்சுகள் வெளிநாடுகளுக்குப் போயின. உலகின் மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் அது இடம்பெற்றிருக்கிறது. காசளவு இருக்கும் குஞ்சு ஒரு சாண் நீளத்துக்கும் மேல் வளரும், பல பத்தாண்டுகள் வாழும். தொட்டி போதாமல் போகும் நாளில் பலரும் செய்வது, அதைப் பக்கத்துக் குளத்திலோ கோயில் தெப்பக்குளத்திலோ விட்டுவிடுவது. ஆமைதானே, தண்ணீர்தானே, பிழைத்துக்கொள்ளட்டும் என்ற நல்ல எண்ணம்தான்.

அங்கே ஏற்கெனவே ஓர் ஆமை இருக்கிறது. பிரான்சில் ஐரோப்பியக் குளத்தாமையையும் சிவப்புக்காது ஆமையையும் ஒரே குட்டையில் விட்டுச் சோதித்தார்கள். வெயில் காயும் நல்ல இடங்களைச் சிவப்புக்காது ஆமைகள் பிடித்துக்கொண்டன. ஐரோப்பிய ஆமைகளின் எடை குறைந்தது, அதிக எண்ணிக்கையில் செத்தன. இத்தனைக்கும் அவை இரண்டும் ஒரே குடும்பம். நம் கறுப்புக் குளத்தாமைக்கும் வெயில் காய இடம் வேண்டும், முட்டையிடக் கரை வேண்டும்.

ஆகவே கடையில் அந்தப் பச்சைக் குஞ்சை வாங்காதீர்கள். ஏற்கெனவே வீட்டில் இருந்தால் கடைசிவரை வளருங்கள். முடியாவிட்டால் வளர்க்கக்கூடிய வேறொருவரிடம் கொடுங்கள், அல்லது வனத்துறையிடம் கேளுங்கள். பாலாமையையும் நட்சத்திர ஆமையையும் பிடித்து வீட்டில் வைப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். குளத்தங்கரையில் கறுப்பாமையைப் பார்த்தால் எட்ட நின்று முதுகின் மூன்று வரம்பையும் தட்டுகளையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். சிவப்புக்காது ஆமையை மட்டும் எந்தக் குளத்திலும் விடாதீர்கள்.